பொடுசுக்கு பைக் ரேஸ் ஆசை வந்துட்டா என்ன பண்றது? கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெத்தவங்களுக்கு

"டேய் தம்பி, உன்ற மருமகன் அவங்கப்பா வண்டிய எடுத்துக்கிட்டு இட்டேரில அறுவதுல போறானாம், பால்காரர் வந்து சொல்லிட்டுப் போறாரு, நீ வந்து ரெண்டு சாத்து சாத்து"ன்னு அக்கா போன்ல அழுகாத குறையா சொல்லுச்சு. அப்ப அவனுக்குப் பன்னண்டு வயசு. நான் சுந்தராபுரத்துல லேத்து பட்டறை வெச்சிருக்கறனுங்க. போய் சாத்தல. ஞாயித்துக்கெழமை பட்டறைக்குக் கூட்டியாந்து உக்கார வெச்சு "என்னதான்டா வேணும் உனக்கு"ன்னு கேட்டா, தலையக் குனிஞ்சுக்கிட்டே "ரேஸ் ஓட்டோணும் மாமா"ன்னான். இப்ப மூணு வருசம் ஆச்சு, ஜூனியர் கிளாஸ்ல ஓட்டிக்கிட்டு இருக்கான், இட்டேரிப் பக்கம் வண்டிய எடுக்கறதே இல்ல.

இந்த மூணு வருசத்துல என்னய எத்தனையோ பேரு கேட்டுட்டாங்க, பல்லடத்துல இருந்து, பொள்ளாச்சில இருந்து, கோபில இருந்து கூட, "எம்பையனும் கேக்கறானுங்க, எங்க போகோணும், யாரப் பாக்கோணும், எவ்வளவு ஆகும்"னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிப் போட்டறலாம்னு உக்காந்துட்டேன். செய்ய வேண்டியது கொஞ்சந்தான், ஆனா எத முதல்ல எத அப்பறம்ங்கற வரிசை ரொம்ப முக்கியம். நாங்க ரெண்டு எடத்துல வரிசைய மாத்திப் போட்டு காசும் போச்சு, பையனுக்கு அடியும் பட்டுச்சு. உங்களுக்கு அது வேண்டாம்.

முதல் வேலை, ஊட்டுல இருக்கற வண்டிச் சாவிய எடுத்து உள்ள வெச்சுப் பூட்டறது. நெசமாத்தான் சொல்றேன். பையன் ட்ராக்குல ஓட்டப் போறான்னா ரோட்டுல ஓட்டக் கூடாது, இதுல பேச்சுக்கே எடமில்ல. சட்டப்படியே 18 வயசு ஆகோணும், 50 சிசிக்குள்ள கியர் இல்லாத வண்டிக்கு மட்டுந்தான் 16. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தத் திருத்தினப்ப 199ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, வயசு வராத புள்ள ரோட்டுல ஓட்டி வம்பு பண்ணுச்சுன்னா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டி ஆர்சி ஒரு வருசத்துக்கு கேன்சல், அந்தப் புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்சே கெடையாது. "நம்ம தோட்டத்து ரோடு தானுங்க, யாரு வரப் போறா"ன்னு சொல்லுவாங்க. வருவாங்க. ஆடு வரும், தண்ணி லாரி வரும், பள்ளிக்கோடம் உட்டு புள்ளைங்க வரும். ட்ராக்குன்னா எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க, எதுக்க வண்டி வராது, விழுந்தா உருள்றதுக்கு மண்ணு விட்டிருப்பாங்க, ஆம்புலன்ஸ் இன்ஜின ஆஃப் பண்ணாம நிக்கும். ரோட்டுல இதுல ஒண்ணு கூட கெடையாது. நான் என்ற மருமகன்கிட்ட போட்ட ஒப்பந்தமே இதுதான்: ரோட்டுல ஒரு தடவ பாத்தாலும் ட்ராக்கு அன்னைக்கோட கட்.

நம்ம ஊருக்குன்னு ஒரு வசதி இருக்கு, வண்டிப் பைத்தியமும் ரேஸ் ட்ராக்கும் இங்கயே இருக்கு, அது பல பேருக்குத் தெரியறதில்ல. சூலூர் பக்கம் கலங்கல்ல பொறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருத்தர் ரட்ஜ் மோட்டார்சைக்கிள்ல வந்ததப் பாத்துட்டு, கோயமுத்தூர் வந்து ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து அந்த வண்டியவே வெலைக்கு வாங்கி, நட்டு நட்டாப் பிரிச்சுப் போட்டு திரும்ப மாட்டினாரு. கரிவரதன் இங்கதான் இருந்தாரு, மாருதி 800 இன்ஜின வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒத்த சீட்டு ரேஸ் காரே கட்டி ஒரு தலைமுறைக்கே ரேஸ் பழக்கி விட்டாரு, 1995ல விமான விபத்துல போயிட்டாரு. அவரு பேருலதான் போத்தனூர் தாண்டி செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டருக்குச் சித்த கூடுதல், நல்லா வளஞ்சு வளஞ்சு போகும். 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியரு நரேன் கார்த்திகேயனும் நம்ம கோயமுத்தூருதான். வெளியூருக்காரங்க ட்ராக்கப் பாக்கறதுக்கே ராத்திரி பூரா பஸ்ல வரோணும், நாம வெடியால டீ குடிச்சுட்டுக் கெளம்பினா போதும். அதனால சாவியப் பூட்டினதுக்கப்பறம், எதையும் வாங்கறதுக்கு முன்னாடி, ஒரு ரேஸ் நாள்ல பையனக் கூட்டிட்டுப் போயி காட்டுங்க. முன்னாடி சீட்டுல உக்காந்து பாக்கறது பத்தாது, பேடக்குல, அதாவது ரேஸ் வண்டிகள நிறுத்தி வேலை பாக்கற எடத்துல, விடற அன்னைக்கா பாத்துப் போங்க, மெக்கானிக்குங்க வேலை செய்யறது, விழுந்தவன் நொண்டிக்கிட்டு வர்றது, கடைசியா வந்தவன் ஹெல்மெட்டக் கழட்டிட்டு ஒரு மூலைல உக்காந்திருக்கறது, எல்லாத்தையும் அவன் பாக்கோணும். அதையும் பாத்துட்டு "வேணும்"னு சொன்னான்னா அப்ப நெசமாவே வேணும்னு அர்த்தம்.

அடுத்து, என்னென்ன சீரீஸ் இருக்குன்னு தெரிஞ்சுக்கோணும். இந்தியாவுல மோட்டார் ஸ்போர்ட்ஸுக்கு எஃப்எம்எஸ்சிஐதான் தலைமை அமைப்பு, உலக அளவுல பைக்குக்கு எஃப்ஐஎம். சின்னப் புள்ளைங்களுக்குன்னு எஃப்ஐஎம் 2021ல மினிஜிபி வேர்ல்டு சீரீஸ் ஆரம்பிச்சாங்க, இந்தியாவுக்கு அது 2022ல வந்துச்சு. 10 வயசுல இருந்து 14 வரைக்கும், இத்தாலிக்கார ஓவாலே 160 சிசி வண்டி, பாக்கறதுக்கு பெரிய ரேஸ் பைக்க சுருக்கி வெச்சாப்பல இருக்கும், கோகார்ட் ஓட்டற சின்ன ட்ராக்குலயே நடத்துவாங்க. அதுக்கு மேல ஹோண்டா இந்தியா டேலண்ட் கப், அதுல 2023 வரைக்கும் என்எஸ்எஃப்250ஆர்னு, உலக சாம்பியன்ஷிப்ல சின்ன கிளாஸான மோட்டோ3 வழில வந்த அசல் ரேஸ் வண்டி ஓடுச்சு. டிவிஎஸ் ஒன் மேக் 1994ல இருந்து நடக்குது. இதெல்லாம் நேஷனல் சாம்பியன்ஷிப் நடக்கற வாரக்கடைசிலயேதான் பெரும்பாலும் ஓடும், ஒண்ணு நம்ம செட்டிபாளையம், இல்லைன்னா சென்னைக்கு முன்னாடி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கு, அது 3.7 கிலோமீட்டர். பொண்ணுகளுக்கும் நேஷனல்ல தனி கிளாஸ் இருக்குதுங்க, அம்மணி கேட்டாலும் இதே வழிதான், ஒண்ணும் மாறாது. பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ல எஃப்ஐஎம் பாஹாங்கற பாலைவன ராலி உலகக் கோப்பைல பெண்கள் பட்டத்தயே ஜெயிச்சாங்க.

ஒன் மேக்னா என்னன்னு பல பேரு கேக்கறாங்க. எல்லாருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே டயர், வண்டி அவங்களோடது, சர்வீஸும் அவங்களே. பணக்காரப் பையன் நல்ல இன்ஜின் போட்டு ஜெயிச்சுட்டான்ங்கற பேச்சுக்கு எடமே கெடையாது, ஓட்டறவன் கைதான் பேசும். ஜூனியருக்கு இதுதான் சரி. இங்கதான் நாங்க முதல் தப்பு பண்ணோம். பையன் ஆசைய சொன்ன ஒரு மாசத்துல, மச்சானும் நானும் சேந்து ஒரு பழைய 150 சிசி வண்டிய வாங்கி, பட்டறைலயே இன்ஜினப் பிரிச்சு, ஹெட்ட வேலை செஞ்சு, சைலன்சர் மாத்தி, ஃபேரிங் போட்டு, பெயிண்ட் அடிச்சு, ஆறு மாசம் ராத்திரி ராத்திரியா ஒக்காந்து வேலை பாத்தோம். கடைசில பாத்தா பையனுக்கு ரெண்டு காலும் தரைல எட்டல, அவன் சேந்த சீரீஸ்ல வண்டி அவங்களே குடுக்கறாங்க. அந்த வண்டி ஒரு வருசம் பட்டறை மூலைல தார்ப்பாய் போத்திக் கெடந்து அப்பறம் பாதி வெலைக்குப் போச்சு. முதல் வருசம் ரேஸ் பைக் வாங்காதீங்க. அந்தக் காச பாதுகாப்பு உடுப்புக்கும் பயிற்சிக்கும் போடுங்க.

உடுப்புன்னதும் ஹெல்மெட்டு. ரெண்டாவது தப்பு இதுல. "வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசாவே எடுங்க"ன்னு கடைல சொன்னாங்க, நோம்பிக்கு அங்கராக்கு எடுக்கற மாதிரி நாங்களும் எடுத்துட்டோம். ரெண்டாவது நாள் பயிற்சில மெதுவான ஒரு வளைவுலதான், முன் டயரு வழுக்கி விழுந்தான், விழுந்த வேகத்துல ஹெல்மெட்டு தலைல திரும்பி கண்ண மறச்சிருச்சு, மூக்குத் தண்டுல செராய்ச்சு ரத்தம். பெருசா ஒண்ணுமில்ல, ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. ஹெல்மெட்டு எப்பிடிப் பாக்கோணும்னா, போட்டா ரெண்டு கன்னமும் அமுங்கி வாய் சித்த குவியோணும், தாடைக்குக் கீழ பட்டைய இறுக்குனதுக்கப்பறம் ஒரு வெரல் ரெண்டு வெரலுக்கு மேல உள்ள போகக் கூடாது. அப்பறம் பின்னாடி கழுத்துப் பக்கம் விளிம்பப் புடிச்சு முன்னாடி தள்ளிப் பாருங்க, கழண்டு வந்துச்சுன்னா அது அவனுக்கு ஆகாது. சைடுல திருப்பினா ஹெல்மெட்டோட சேந்து நெத்தித் தோலும் திரும்போணும். பூட்டு ரெண்டு வளையம் கோத்து இழுக்கற டி ரிங்கா இருக்கோணும், கிளிக் பூட்டு ட்ராக்குல ஒத்துக்க மாட்டாங்க. எந்த ஸ்டாண்டர்டு முத்திரை வேணும்ங்கறது அந்த வருசத்து ரெகுலேஷன் புக்குல போட்டிருக்கும், ஈசிஇ 22.06 மாதிரி. அதப் படிச்சுட்டுக் கடைக்குப் போங்க. ஒரு தடவ தலை அடிச்சு விழுந்த ஹெல்மெட்டு வெளிய பாக்க புதுசாட்டம் இருந்தாலும் அதோட வேலை முடிஞ்சுது, உள்ள இருக்கற தெர்மோகோல் ஒரு தடவைதான் அமுங்கும்.

சூட்டு ஒரே பீஸா தோல்ல இருக்கோணும், முட்டி, முழங்கை, தோள், இடுப்புல பேடு. முதுகுக்குத் தனியா பேக் ப்ரொடெக்டர், நெஞ்சுக்கும் ஒண்ணு. கையுறை மணிக்கட்டத் தாண்டி சூட்டுக் கை மேல ஏறி நிக்கோணும், பூட்ஸ் கணுக்காலுக்கு மேல. பையனுங்க ஒரே வருசத்துல ஒரு சாண் வளந்துருவானுங்க, புது சூட்டு எடுக்கறது கட்டுபடியாகாதுன்னா ட்ராக்குல ரெண்டு மூணு வருசம் பெரிய பசங்களோட அப்பா அம்மாகிட்டப் பழகி வெச்சுக்கோங்க, அவங்க பையனுக்குப் பத்தாத சூட்டு கைமாறும், நாங்களும் அப்பிடித்தான் வாங்கினோம், இப்ப எங்களோடத ஈரோட்டுப் பையன் ஒருத்தன் போட்டுக்கிட்டு இருக்கான். சூட்டு பழசு வாங்கலாம், தையல் பிரியாம இருந்தாப் போதும். ஹெல்மெட்டு மட்டும் பழசு வாங்கவே வாங்காதீங்க.

இப்ப பயிற்சி. சைக்கிள்ல இருந்தே ஆரம்பிக்கலாம், கேலி பண்ணாதீங்க. சைக்கிள்ல மண்ணுத் தரைல முன் பிரேக்க எவ்வளவு புடிச்சா சறுக்குதுன்னு கை கத்துக்கும், அந்த வெரல் உணர்ச்சிதான் பின்னாடி ரேஸ் பைக்குலயும். அப்பறம் சின்ன வண்டி, காலு தரைல எட்டற வண்டி, காலி மைதானத்துல இல்லைன்னா கோகார்ட் ட்ராக்குல, சொல்லித் தர ஆளு கூட. எட்டு போடறதுல ஆரம்பிச்சு, ஒரே வளைவ அம்பது தடவ ஒரே மாதிரி எடுக்கற வரைக்கும். வேகம் வேண்டாம், ஒரே மாதிரி வரோணும். என்ற மருமகனுக்கு நான் கோனு பக்கத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வெச்சிருவேன், அந்தக் கோட்டுல பிரேக்கு புடிக்க ஆரம்பிக்கோணும், பத்து சுத்துல எத்தனை சுத்து சரியா புடிச்சான்னு நோட்டுல எழுதுவேன். முதல் நாள் பத்துக்கு ரெண்டு. நாலு மாசங்கழிச்சு ஒரு நாள் பத்துக்கு ஒம்பது, அன்னைக்கு அவன் மூஞ்சில இருந்த சிரிப்பு, பின்னாடி கப்பு வாங்கினப்பக்கூட வரல.

கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்கதான் போகும், இது எல்லாக் கோச்சும் சொல்றதுதான், ஆனா புள்ளைங்களுக்கு இதப் பழக்கறதுக்கே மாசக்கணக்கு ஆகும். முன்னாடி போற வண்டியோட பின் டயரயே பாத்துக்கிட்டு ஓட்டுவானுங்க, அவன் விழுந்தா இவனும் அங்கயே போய் விழுவான். வளைவுக்குள்ள நுழையறப்பவே கண்ணு வெளிய போற எடத்தத் தேடோணும். இன்னொண்ணு பிரேக்கு. வேகம் ரெண்டு மடங்காச்சுன்னா, பிரேக்கு புடிச்சதுல இருந்து நிக்கற தூரம் நாலு மடங்காகும். இத வாயில சொன்னா அவனுக்குப் புரியாது, மைதானத்துல 20ல நிறுத்திக் காட்டி, 40ல நிறுத்திக் காட்டி, டேப்பு புடிச்சு அளந்து காட்டினாப் புரியும். நாங்க அளந்து காட்டின அன்னைக்கு அவன் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, அப்பறம் "மாமா, அன்னைக்கு இட்டேரில ஆடு குறுக்க வந்திருந்தா?"ன்னு கேட்டான்.

டயரப் பத்தியும் சொல்லோணும். ஆறின டயரு புடிக்காது, முதல் ரெண்டு சுத்து பொறுமையா ஓட்டிச் சூடேத்தோணும். கடிகாரம் சுத்தற திசைல ஓடற ட்ராக்குல வலது வளைவுதான் ஜாஸ்தி, அதனால டயரோட இடது பக்கம் சூடேற நேரமாகும், ரொம்ப நேரங்கழிச்சு வர்ற இடது வளைவுலதான் பசங்க முன் பக்கம் வழுக்கி விழுவாங்க. செசன் முடிஞ்சு வந்ததும் பையன டயரத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, ஓரத்துல ரப்பர் கடுகு கடுகா உருண்டு நிக்கறது, ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு இருக்கறது, அதுல இருந்தே எந்தப் பக்கம் அவன் இன்னும் சாயப் பயப்படறான்னு தெரிஞ்சுரும்.

ட்ராக்குல ஓட்டறவனுக்கு சைகை காட்டற கொடி எல்லாத்தையும் ஊட்டுலயே மனப்பாடம் பண்ண வைங்க, அம்மிச்சி முதற்கொண்டு கேள்வி கேக்கலாம். மஞ்சள் ஆடுச்சுன்னா முன்னாடி ஆபத்து, யாரையும் தாண்டக் கூடாது. செவப்புன்னா ஓட்டம் நிறுத்தியாச்சு, மெதுவா பிட்டுக்கு, அதாவது ட்ராக்கு ஓரத்துல வண்டி நிறுத்தற எடத்துக்கு, வந்தறோணும். மஞ்சள்ல செவப்புப் பட்டை போட்டிருந்தா ரோடு வழுக்குது, ஆயில் சிந்தியிருக்கலாம். நீலம்னா பின்னாடி வேகமானவன் வர்றான், அவனுக்கு வழி விட்டறோணும், அதுக்காக திடீர்னு ஒதுங்கிறக் கூடாது, தன்ற லைன்லயே நேரா போனாப் போதும். கறுப்புல ஆரஞ்சு வட்டம் வெச்சு நம்ம நம்பர் காட்டினா நம்ம வண்டில ஏதோ கோளாறு, ஒடனே ட்ராக்க விட்டு வெளிய போகோணும், ஏன்னா நம்ம ஆயில்லதான் அடுத்தவன் விழுவான். வெறும் கறுப்பு நம்பரோட காட்டினா பிட்டுக்கு வா, உன்கிட்ட பேசோணும்னு அர்த்தம். எங்க ஊட்டுல கொடி வெளையாட்டுல எப்பவும் ஜெயிக்கறது அக்காதான்.

லைசென்சு. ரேஸ் ஓட்டறதுக்கு ஆர்டிஓ லைசென்சு வேண்டியதில்ல, எஃப்எம்எஸ்சிஐ போட்டி லைசென்சு வேணும், அது வருசா வருசம் புதுப்பிக்கோணும். வயசுச் சான்று, ரத்த குரூப்பு, டாக்டர்கிட்ட உடம்புத் தகுதிச் சான்று, வயசு வராதவங்களுக்கு அப்பா அம்மா சம்மதக் கடிதம், இதெல்லாம் தயாரா வெச்சுக்கோங்க. சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அப்பாவும் அம்மாவும் சேந்து உக்காந்து முழுசாப் படிங்க. அம்மாவுக்குத் தெரியாம அப்பா மட்டும் போட்டுட்டு வர்றத நான் பாத்திருக்கேன், அது தப்புங்க. அதோட விபத்துக் காப்பீடு என்னென்னத்துக்கு எவ்வளவு தருதுன்னு கேளுங்க, ஊட்டு மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்க, ரேஸ்ல பட்ட அடிக்கு இல்லைன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

ஒண்ண மறைக்காமச் சொல்லிரோணும். 2023 ஆகஸ்ட்ல சென்னை ட்ராக்குல ஸ்ரேயாஸ் ஹரீஷ்னு பெங்களூருப் பையன், 13 வயசு, மினிஜிபி இந்தியா பட்டம் ஜெயிச்சவன், ரேஸ் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல விழுந்து தலைல அடிபட்டு எறந்துட்டான். அந்த வாரத்து மிச்ச ரேஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. செய்தி வந்த அன்னைக்கு எங்க ஊட்டுல யாரும் சாப்பிடல. ஐரோப்பாவுலயும் 2021ல இப்பிடி சின்னப் பசங்க போனதுக்கப்பறந்தான் வயசு வரம்ப ஏத்துனாங்க, 2023ல இருந்து மோட்டோ3 உட்பட உலக சாம்பியன்ஷிப்ல ஓட்ட பொதுவா 18 ஆகோணும். இது தெரிஞ்சுட்டுத்தான் புள்ளைய இறக்கோணும். எல்லாரும் ஒரே எடத்துல நெருக்கற முதல் வளைவுதான் ரொம்ப மோசம். பையன்கிட்ட நாங்க சொல்றது, முதல் வருசம் பூராவும் முதல் வளைவுல எடம் புடிக்கவே பாக்காதே, பின்னாடியே வா, ரெண்டாவது சுத்துல இருந்து ஓட்டு. கோச்சு ஒருத்தரு "அப்பிடின்னா கப்பு வராதுங்களே"ன்னாரு. வர வேண்டாம்னுட்டேன்.

ரேஸ் வாரம் எப்பிடி இருக்கும்னா, பெரும்பாலும் வெள்ளிக்கெழமை ப்ராக்டீஸ், சனிக்கெழமை குவாலிஃபையிங்கும் முதல் ரேஸும், ஞாயிறு ரெண்டாவது ரேஸ். எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்க்ரூட்டினி, அதாவது உடுப்பையும் வண்டியையும் சோதிக்கறது. ஒரு பெரியவரு மேசைக்குப் பின்னாடி நின்னு ஹெல்மெட்டத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு, உள் துணிய ஒதுக்கிட்டு வெரல விட்டு அமுக்குவாரு, பட்டையோட தையல நகத்தால நெருடிப் பாப்பாரு, சூட்டு ஜிப்ப மேல கீழ இழுப்பாரு, கையுறைல ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துக்கு நேரா புடிப்பாரு. அவரு வேண்டாம்னு வெச்சுட்டா வாதாடாதீங்க, அவரு பாக்கறது நம்ம புள்ளையோட தலை. வண்டி உங்களோடதா இருந்தா, கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டேண்டு எல்லாம் கழட்டியிருக்கோணும், ஆயில் ட்ரெயின் போல்ட்டுல சேஃப்டி ஒயர் போட்டிருக்கோணும். அந்த ஒயர் முறுக்கறது எங்க பட்டறைல பசங்களுக்கு நான் தனியா சொல்லித் தர்ற வேலை. போல்ட்டுத் தலைல ஒரு மில்லிமீட்டருக்குச் சித்த கூடுதலா துளை போட்டு, எஃகு ஒயர உள்ள விட்டு, போல்ட்டு கழல்ற திசைக்கு எதிரா இழுத்துக் கட்டி, சென்டிமீட்டருக்கு மூணு முறுக்காச்சும் வர்ற மாதிரி ஒரே சீரா முறுக்கோணும். எதிர்ப் பக்கமா கட்டினா ஒயரே போல்ட்டக் கழட்டி விட்டுரும்.

ரைடர்ஸ் ப்ரீஃபிங்னு ஒண்ணு வெப்பாங்க, அதுக்கு லேட்டா போகவே கூடாது. ட்ராக்குல எந்த எடத்துல தார் புதுசு, எங்க உள்ள நுழையறது, ஸ்டார்ட்டு எப்பிடி, எல்லாம் அங்கதான் சொல்லுவாங்க. பையன் தனியா உக்காரட்டும், நீங்க பின்னாடி நில்லுங்க.

சாப்பாட்டு விசயத்துல, சென்னை ரேஸ்னா வியாழக்கெழமையே போயிருங்க, அஞ்சுநூறு கிலோமீட்டருக்குக் கிட்ட ராத்திரி பூரா வண்டில வந்த பையனுக்குக் காலைல கையும் காலும் ஒண்ணா வேலை செய்யாது. தோல் சூட்டுக்குள்ள வேர்வை குடம் குடமா போகும், தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி, மோரு, உப்பு சக்கரை கரைச்ச தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கோணும். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். அக்கா ரெண்டு டப்பா அரிசிம்பருப்பு சாதம் கட்டிக் குடுத்துரும், ரேஸுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஒரு டப்பா, முடிஞ்சதுக்கப்பறம் இன்னொண்ணு, கூட ஒரு இளநீ.

அப்பறம் பெத்தவங்க. நான் பாத்ததுலயே புள்ளைய ரொம்பக் கெடுக்கறது ட்ராக்கு வேலிப் பக்கம் நின்னு கத்தற அப்பாதான். "அவன விட்றாத, உள்ள விடு உள்ள விடு"ன்னு கத்தறாங்க, ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறவனுக்கு அது கேக்காது, ஆனா பிட்டுக்கு வந்ததும் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவான். செசன் முடிஞ்சு வந்தா முதல் பத்து நிமிசம் ஒண்ணும் கேக்காதீங்க, தண்ணி குடுத்து சூட்ட இடுப்பு வரைக்கும் இறக்கி விட்டு காத்துல உக்கார வைங்க. அவனே பேசுவான். "மூணாவது வளைவுல பின்னாடி ஆடுச்சு மாமா"ன்னு அவன் வாய்ல இருந்து வர்றதுதான் நோட்டுல எழுத வேண்டிய விசயம்.

விழுவான். எல்லாரும் விழுவாங்க. விழுந்து உருள்றது நின்னதுக்கப்பறம், ரெண்டு பக்கமும் வண்டி வரலைன்னு பாத்துட்டுத்தான் எந்திரிக்கோணும்னு முன்னாடியே சொல்லி வைங்க, ட்ராக்கு ஓரத்துல நிக்கற மார்ஷல் வர்ற வரைக்கும் வண்டியத் தூக்க ஓடக் கூடாது. தலை லேசா தட்டியிருந்தாலும் அன்னைக்கு திரும்ப ஏத்தாதீங்க, அவன் எவ்வளவு கெஞ்சினாலும். தலைவலி, வாந்தி, கேட்டதயே திரும்பத் திரும்பக் கேக்கறது, வெளிச்சம் கூசுது, தூங்கித் தூங்கி விழறான், இதுல எது இருந்தாலும் ஆஸ்பத்திரிதான், டாக்டர் எழுதிக் குடுத்ததுக்கப்பறந்தான் மறுபடி பைக்கு. ஒரு வெள்ளிக்கெழமை இவன் விழுந்துட்டு "இன்னைக்கு என்ன கெழமை மாமா"ன்னு ரெண்டு தடவ கேட்டான். அந்த ரவுண்டயே விட்டுட்டோம். கட்டின காசு போச்சு, அவன் ஊடு வர்ற வரைக்கும் என்கிட்ட பேசல. இருக்கட்டும்.

செலவு எவ்வளவுன்னு ஒரு தொகை சொல்ல முடியாது, சீரீஸுக்கு சீரீஸ் மாறுது, ஆனா என்ட்ரி, லைசென்சு, உடுப்பு, பயிற்சி நாளு, டயரு, பெட்ரோல், ரூம்பு, சாப்பாடு, இதெல்லாம் எழுதிக் கூட்டிட்டு அதுக்கு மேல கால் பங்கு சேத்து வெச்சுக்கோங்க, ஏதாவது ஒண்ணு ஒடையும். தோட்டத்த வித்து, நகைய வெச்சு ஓட்டறது வேண்டவே வேண்டாம். அந்தப் பாரம் பையன் தோள்ல ஏறும், பிரேக்கு புடிக்க வேண்டிய எடத்துல அவன் கை யோசிக்கும். ஸ்பான்சர் தேடறதா இருந்தா பெரிய கம்பெனிக்கு முன்னாடி நம்ம பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பம்புசெட்டு பட்டறை, திருப்பூர் பனியன் கம்பெனின்னு கேட்டுப் பாருங்க, எங்களுக்கு சூட்டு மேல பேரு போட்டுக் குடுத்தது ஒரு வால்வு பட்டறைக்காரருதான். பள்ளிக்கோடத்துல ஹெட்மாஸ்டரப் பாத்து வருசத்துக்கு எத்தன வெள்ளிக்கெழமை லீவு வேணும்னு முதல்லயே காலண்டரோட போய் சொல்லிருங்க, பத்தாவது பன்னண்டாவது வருசத்துல ரவுண்ட கொறச்சுக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது.

ரேஸ் முடிஞ்சு திங்கக்கெழமை வேலை ஒண்ணு இருக்கு, அத பையனே செய்யோணும். ஹெல்மெட்டு உள் துணியக் கழட்டி வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டு அலசறது, வைசர்ல ஒட்டியிருக்கற பூச்சிய ஈரத் துணி போட்டு ஊற வெச்சுத் தொடைக்கறது, நகத்தால சுரண்டக் கூடாது. சூட்ட உள்பக்கம் வெளிய திருப்பி நெழல்ல காத்தாட மாட்டோணும், வெயில்ல போட்டா தோலு வெடிச்சுரும். காஞ்சதுக்கப்பறம் தையல் பூராவும் வெரல் வெச்சுத் தடவிப் பாத்து, பிரிஞ்ச எடத்துல ஒரு சாக்பீஸ் புள்ளி வெச்சு, செருப்புத் தைக்கறவருகிட்ட தடி நூல்ல அந்த வாரமே தைச்சு வாங்கி வெச்சறோணும்.